அற்றிக் வழியே போகும் காசு

வீட்டு எரிசக்தித் திருத்தங்களுக்குக் கனடாவின் மத்திய அரசு கொடுத்துவந்த வட்டியில்லாக் கடன், 2025 ஒக்ரோபர் முதலாம் திகதியுடன் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. 5,000 டொலர் வரை கிடைத்த மானியம் அதற்கும் முன்பே, 2024இன் தொடக்கத்தில், நின்றுபோனது. குளிர்காலம் மட்டும் எந்த அறிவித்தலும் இல்லாமல் ஒவ்வொரு வருடமும் வருகிறது. ரொறன்ரோவிலும் ஸ்காபரோவிலும் ஐம்பது, அறுபது வருடப் பழைய வீடுகளை வாங்கிக் குடியிருப்பவர்கள், அரசின் கையை எதிர்பார்க்காமல் எங்கே முதலில் செலவழிப்பது என்று யோசிக்க வேண்டிய நேரம் இது.

பெரும்பாலான பழைய வீடுகளில் அதற்கு விடை சீலிங்குக்கு மேலே இருக்கிறது. அற்றிக் என்று நாங்கள் எல்லோரும் சொல்லும் அந்த இருட்டு இடத்தில். வீடு வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட அதற்குள் எட்டிப் பார்க்காதவர்கள் எங்களில் ஏராளம். 2021இல் வீட்டுச் சந்தை கொதித்தபோது, வீட்டுப் பரிசோதனை என்ற நிபந்தனையையே விட்டுக்கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. அவர்களுடைய அற்றிக்கை விற்றவரும் பார்த்திருக்க மாட்டார், வாங்கியவரும் பார்த்திருக்க மாட்டார்.

2025 ஏப்ரலில் வீட்டுப் பாவனைக்கான கார்பன் கட்டணம் நீக்கப்பட்டதும் எரிவாயு பில் கொஞ்சம் இறங்கியது. பிரச்சினை தீர்ந்துவிட்டது போன்ற ஒரு நிம்மதியும் கூடவே வந்தது. வீட்டிலிருந்து வெளியேறும் வெப்பத்தின் அளவு ஒரு துளியும் குறையவில்லை. விலை ஏறும்போது பில் மறுபடி அதைச் சொல்லும். மோர்ட்கேஜைக் கூடிய வட்டியில் புதுப்பித்துவிட்டுத் திணறும் குடும்பங்களுக்கு, மாதம் மாதம் கூரை வழியே போகும் காசு சின்ன விடயம் இல்லை.

சீலிங்குக்கு மேலே ஒரு ஹீற்றர்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இன்சுலேசன் வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை ‘ஆர்’ என்ற எண்ணால் சொல்வார்கள். எண் கூடினால் தடுப்பு கூடும். ஆயிரம் சதுர அடிச் சீலிங் உள்ள ஒரு பங்களா, அதாவது மேல்மாடி இல்லாத வீடு. உள்ளே 20 பாகை, வெளியே மைனஸ் 10. மேலே கிடப்பது மூன்று, நான்கு அங்குலப் பழைய பஞ்சு, அதாவது ஏறத்தாழ ஆர்-10. அந்த வீட்டில் சீலிங் வழியாக மட்டும் எந்நேரமும் 1,600 வாட் அளவு வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கும். கடையில் வாங்கும் சிறிய மின் ஹீற்றரின் வலு 1,500 வாட். அப்படி ஒன்றை அற்றிக்குக்குள் வைத்து, அந்தக் குளிர் நீடிக்கும் வரை அணைக்காமல் எரியவிட்டதற்குச் சமம் இது.

அதே சீலிங்கின் மேல் மொத்தம் ஆர்-40 வரும்படி போட்டால் 1,600 வாட் 400 ஆகிவிடும். ஆர்-60 போட்டால் 270க்குள் வரும். மரச்சட்டங்கள் வழியாகப் போவதையும் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கு சொல்லும் சேதி மாறாது.

அந்தச் சேதியின் இரண்டாம் பாதியைக் கவனிக்க வேண்டும். பத்திலிருந்து நாற்பதுக்குப் போகும்போது 1,200 வாட் மிச்சம். நாற்பதிலிருந்து அறுபதுக்குப் போகும்போது மிச்சம் 130 வாட்தான். ஒன்றுமே இல்லாத இடத்தில் விழும் முதல் சில அங்குலங்கள்தான் பெரிய வேலையைச் செய்கின்றன. ஒன்ராறியோவில் புதிய வீடுகளுக்கு ஆர்-60 வழக்கமாகிவிட்டது. நீங்களும் வேலை செய்விப்பதென்றால் அந்த அளவுக்கே போய்விடுங்கள், ஏனென்றால் ஆட்களும் இயந்திரமும் வந்த பிறகு கூடுதல் பஞ்சுக்கான செலவு அதிகமில்லை. ஆனால் ஏற்கெனவே பன்னிரண்டு அங்குலம் நல்ல பஞ்சு சீராகக் கிடக்கும் வீட்டுக்காரர், யாரோ பயமுறுத்தினார்கள் என்பதற்காக அவசரப்படத் தேவையில்லை. அவருடைய காசுக்கு வீட்டில் வேறு இடம் இருக்கும்.

எங்கள் தமிழ் ஆட்கள் பழைய வீட்டைத் திருத்தும் ஒழுங்கு வேறாக இருக்கிறது. முதலில் குசினி. பிறகு வோஷ்றூம். பிறகு யன்னல். வீடு முழுவதும் யன்னல் மாற்றப் பதினாயிரக் கணக்கில் போகும். அற்றிக் வேலை பெரும்பாலும் சில ஆயிரங்களுக்குள் முடியும். யன்னல் உடைந்து, மரம் உக்கிப்போயிருந்தால் மாற்றத்தான் வேண்டும். குளிருக்காக மட்டும் மாற்றுவதென்றால் அது கடைசியில் வர வேண்டியது. புது யன்னலை வருகிறவர்கள் பார்த்து விலை கேட்பார்கள். அற்றிக்கில் கிடக்கும் பஞ்சைப் பார்த்து ‘வடிவாய் இருக்கு’ என்று சொல்ல ஒருவரும் வரப்போவதில்லை. அதனால்தான் அது பின்தள்ளப்படுகிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஓட்டை, பிறகு பஞ்சு

பஞ்சு காற்றைத் தடுக்காது. இதைத் தெரியாமல் காசைப் போட்டவர்கள்தான் ‘இன்சுலேசன் செய்தும் ஒரு வித்தியாசமும் இல்லை’ என்று குறைப்படுகிறார்கள்.

குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏறி, சீலிங்கில் எங்கே ஓட்டை இருக்கிறதோ அதனூடாக அற்றிக்குள் போகும். போன காற்றுக்குப் பதிலாக வெளியிலிருந்து குளிர்காற்று பேஸ்மண்ட் யன்னல் இடுக்கு, கதவடி, சுவர் அடிப்பாகம் எல்லாவற்றாலும் உள்ளே வரும். பேஸ்மண்டில் கால் விறைக்கிறது என்றால் அதற்கான காரணம் இரண்டு மாடி மேலே சீலிங்கில் இருக்கலாம். கீழே கதவுக்கு ரப்பர் பட்டி ஒட்டுவதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

ஓட்டைகள் எங்கே இருக்கும்? கழிவுநீர்க் குழாய் கூரைக்குப் போகும் இடம். புகைபோக்கியைச் சுற்றியுள்ள இடைவெளி. உட்சுவர்களின் மேல்விளிம்பு, அதில் வயர் இறங்கத் துளைத்த துளைகள். அலுமாரிக்குள் இருக்கும் அற்றிக் மூடி. பல வீடுகளில் அது ஒரு மெல்லிய பலகை, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் கையாலேயே போட்ட ஓட்டைகள்: சீலிங்குக்குள் பதிக்கும் பொட் லைட்.

தமிழர் வாங்கிய பழைய வீடு ஒன்றில் முதல் மாதமே நடப்பது பொட் லைட் போடுவது. ஹோலில் எட்டு, குசினியில் ஆறு, நடையில் நாலு. கீழ்த்தளத்தில் போட்டால் பரவாயில்லை. பங்களாவின் சீலிங்கில் போட்டால் ஒவ்வொன்றும் அற்றிக்குள் திறக்கும் ஒரு துளை. இன்சுலேசனோடு ஒட்டியிருக்கலாம் என்ற சான்றும், காற்றுப் புகாத மூடியும் உள்ள விளக்கு என்றால் ஆபத்தில்லை. பழைய வகை என்றால் பஞ்சை அதன்மேல் குவிக்கவே கூடாது, சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். எந்த வகை போட்டிருக்கிறது என்று உங்கள் வீட்டு மின்வேலைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. காற்று அடிக்கும் ஒரு குளிர்நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அற்றிக் மூடியின் விளிம்பருகே பிடியுங்கள். புகை நேரே எழாமல் இடுக்குக்குள் இழுபட்டால் அதுதான் ஓட்டை. முறையாகச் செய்வதென்றால், பதிவுபெற்ற எரிசக்தி ஆலோசகர் வந்து வாசல் கதவில் பெரிய ஃபான் ஒன்றைப் பூட்டி, வீட்டுக் காற்றை வெளியே இழுத்து, எவ்வளவு ஒழுகுகிறது என்று அளந்து கொடுப்பார். அந்த ஃபான் ஓடும்போது சுவர் சொக்கற்றுக்கு முன்னால் கையை வைத்தால் குளிர்காற்று விரலில் படும். அதை ஒருமுறை உணர்ந்தவருக்கு இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

ஆணி முனையில் பனி

அற்றிக்குள் போகும் காற்று தனியே போவதில்லை, ஈரத்தையும் கொண்டு போகிறது. இந்த இடத்தில் எங்கள் வீடுகளுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது.

புட்டும் இடியப்பமும் ஆவியில் அவிகின்றன. சோற்றுப்பானை கொதிக்கிறது. பேஸ்மண்டில் இன்னொரு குசினி, இன்னொரு குடும்பம். ஏழெட்டுப் பேர் குளிக்கிறார்கள். அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபான் பல வீடுகளில் காற்றை வெளியே அனுப்புவதில்லை. வடிகட்டி மறுபடி குசினிக்குள்ளேயே விடுகிறது. வோஷ்றூம் ஃபானின் குழாயோ, பழைய வீடுகளில் கூரைக்கு வெளியே போகாமல் அற்றிக்குள்ளேயே முடிந்திருப்பதைப் பார்க்கலாம். சில வீடுகளில் குழாய் கழன்று பஞ்சின் மேல் படுத்திருக்கும். ஒவ்வொரு குளிப்பின் ஆவியும் நேரே கூரைப் பலகைக்குப் போகும்.

கடுங்குளிர் நாளில் அப்படியான ஓர் அற்றிக்கின் மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தால், கூரைமேல் சிங்கிள் தகடுகளை அடித்த ஆணிகளின் முனைகள் பலகையைத் துளைத்துக்கொண்டு வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு முனையிலும் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். பலகையின் வடக்குப் பக்கம் கருமை படர்ந்திருக்கும், அது பூஞ்சணம். பிறகு தை மாதத்தில் ஒருநாள் வெயில் எறித்து வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே போகும். அத்தனை பனியும் ஒரே நேரத்தில் உருகிச் சொட்டும். சீலிங்கில் மண்ணிற வட்டங்கள் விழும்.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? கூரை ஒழுகுகிறது என்று கூரைக்காரரைக் கூப்பிடுவார். வருகிறவர் புதுக் கூரைக்கு விலை சொல்வார். கூரை மாற்றப்படும், அடுத்த தையில் அதே வட்டங்கள் மறுபடி வரும். மழை பெய்யும்போது ஒழுகாத கூரை, பனி உருகும் நாளில் மட்டும் ஒழுகினால், கூரைக்காரரை அழைக்கும் முன் அற்றிக்கைப் பாருங்கள்.

கூரையின் ஓரத்தில் தடித்த பனிக்கட்டி அணைபோலக் கட்டுவதற்கும் இதே வெப்பம்தான் மூலம். அற்றிக் சூடாக இருந்தால் கூரையின் மேற்பகுதியில் கிடக்கும் பனி அடியிலிருந்து உருகும். உருகிய நீர் ஓடிவந்து, கீழே வெப்பமில்லாத ஓரப்பகுதியில் மறுபடி உறையும். அடுத்து வரும் நீருக்கு வழியில்லை. சிங்கிளுக்கு அடியால் பின்னோக்கி ஏறிச் சுவருக்குள் இறங்கும். 2025 பெப்ரவரியில் ரொறன்ரோவில் அடுத்தடுத்துப் பனி கொட்டித் தள்ளிய நாட்களில் தெருவைக் கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஒரே வயதான வீடுகளின் வரிசையில் சில கூரைகளில் பனி அப்படியே இருக்கும், சிலவற்றில் கருப்பாகச் சிங்கிள் தெரியும், ஓரத்தில் ஆள் உயரத்துக்குக் கூரிய பனிக்கம்பிகள் தொங்கும். பிள்ளைகள் அதைப் படம் எடுப்பார்கள். வீட்டுக்காரர் அதைப் பில்லாகப் பார்க்க வேண்டும்.

இதற்கு மருந்து கூரை ஓரத்தில் மின்கம்பி ஓட்டிப் பனியை உருக்குவது இல்லை. ஓட்டைகளை அடைத்து, பஞ்சைப் போட்டு, அற்றிக்கை வெளிக்குளிரோடு ஒத்த குளிராக வைத்திருப்பதுதான். அற்றிக்குக்குக் காற்றோட்டம் வேண்டும்: கூரை இறக்கத்தின் அடியில் இருக்கும் துளைகளால் காற்று உள்ளே வந்து, உச்சியில் இருக்கும் துளைகளால் வெளியேற வேண்டும். பஞ்சை ஊதும் வேலைக்காரர் அவசரத்தில் அந்தக் கீழ்த்துளைகளை மூடிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையில் காற்றுப்பாதைக்கு ஒரு தடுப்புத் தகடு வைத்த பிறகே ஊத வேண்டும். வைத்தாரா என்று படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, காசு உங்களுடையது.

ஏறிப் பார்க்கும்போது

ஏணி, டோர்ச், அடிமட்டம், முகமூடி போதும். உள்ளே ஏறி நடக்க வேண்டாம்; மூடியைத் திறந்து தலையை நீட்டினாலே வேண்டியது தெரியும். மரச்சட்டத்துக்கு இடையில் கால் வைத்தால் சீலிங்கோடு கீழே வருவீர்கள்.

சட்டங்களின் மேல்விளிம்பு வெளியே தெரிகிறதென்றால் இன்சுலேசன் போதாது. பஞ்சு மேடு பள்ளமாகக் கிடந்தால், காற்று அள்ளியிருக்கும் அல்லது ரக்கூன் குடியிருந்திருக்கும். மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புப் பஞ்சில் அங்கங்கே கருப்பாகப் படிந்திருந்தால் அதை அழுக்கு என்று விட்டுவிடாதீர்கள். பல வருடமாக அந்த இடத்தால் வீட்டுக்காற்று ஏறியிருக்கிறது, பஞ்சு அதன் தூசியை வடித்து வைத்திருக்கிறது. அதைத் தூக்கினால் அடியில் ஓட்டை இருக்கும்.

ஆனால் ஒன்றைக் கண்டால் எதையும் தொடாமல் மூடியை மூடிவிட்டு இறங்கிவிட வேண்டும். சாம்பல் அல்லது வெள்ளி, பொன் கலந்த நிறத்தில், சிறு கூழாங்கற்கள் போல அடுக்கடுக்காகத் தெரியும் துகள்கள். அது வேர்மிகுலைட். 1990 வரை அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து எடுக்கப்பட்டு, ‘சோனோலைட்’ என்ற பெயரில் கனடாவிலும் ஏராளமான அற்றிக்குகளில் கொட்டப்பட்டது. அந்தச் சுரங்க மண்ணில் அஸ்பெஸ்ரஸ் கலந்திருந்தது. கிளறாமல் இருக்கும்வரை அது பெரிய தொல்லை தராது. கிளறினால் நூல் நூலாக மூச்சுக்குள் போய், பல பத்தாண்டுகள் கழித்து நுரையீரலில் நோயாக வரும். ஆய்வுகூடத்தில் சோதித்து, தேவைப்பட்டால் அதற்கென்றே உள்ள நிறுவனத்தைக் கொண்டு அகற்றிய பிறகுதான் மற்ற வேலை. அதன்மேல் புதுப் பஞ்சை ஊதி மறைக்கலாம் என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள்.

1950க்கு முற்பட்ட வீடுகளில் இன்னொன்று உண்டு. பீங்கான் குமிழ்களில் தாங்கி, குழாய்களுக்குள் நுழைந்து போகும் பழைய வயர். அது காற்றில் குளிரும் வகையில் அமைக்கப்பட்டது. பஞ்சால் மூடினால் சூடேறும். மின்வேலைக்காரர் மாற்றிய பிறகே இன்சுலேசன். ஒன்றரை மாடி வீடுகளில், படுக்கையறைக்குள்ளேயே கூரைச் சாய்வு வரும் வகையில், வேலை கடினம். சாய்வுக்கும் பக்கச் சிறுசுவருக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். அனுபவம் இல்லாதவரிடம் அதைக் கொடுக்காதீர்கள்.

கதவைத் தட்டுகிறவர்

அரசு மானியம் முடிகிறது, இன்றைக்கே கையெழுத்து வையுங்கள் என்று தமிழிலேயே பேசிக்கொண்டு வருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஃபேர்னஸ், குளிரூட்டி, தண்ணீர் ஹீற்றர் போன்றவற்றை அழைக்காமல் வீட்டு வாசலில் வந்து விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சில் தடை செய்தது. வாடகைச் சாதனங்களைக் காட்டி வீட்டு உறுதியின் மேல் இரகசியமாகப் பொறுப்புப் பதிவதை 2024 யூனில் நிறுத்தியது. எத்தனையோ வயோதிபர்கள், வீட்டை விற்கப் போன நாளில்தான் தங்கள் பெயரில் பல்லாயிரம் டொலர் பொறுப்பு இருப்பதை அறிந்தார்கள். அந்தப் பாடத்தை இன்சுலேசனுக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும். வாசலில் எதற்கும் கையெழுத்து வைக்காதீர்கள். எரிவாயு பில்லைக் காட்டவும் வேண்டாம்.

வேலை தெரிந்தவரை அடையாளம் காண்பது கடினமில்லை. அவர் விலை சொல்லும் முன் அற்றிக்குள் ஏறுவார். ஓட்டை அடைப்பதை விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதுவார். ஊதும் பஞ்சில் நடக்கும் ஒரு ஏமாற்று பற்றி அவரே சொல்லவும் கூடும்: காற்றைக் கூட்டி ஊதினால் பஞ்சு பொங்கி உயரமாகத் தெரியும், சில மாதத்தில் அமர்ந்துவிடும். அதனால் அங்குலக் கணக்கை மட்டும் நம்பக்கூடாது. உங்கள் வீட்டுப் பரப்புக்கு எத்தனை பை போக வேண்டும் என்று பையின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஒப்பந்தத்தில் பைகளின் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள், முடிந்ததும் வெறும் பைகளை எண்ணுங்கள். ஆர்-60க்கு செலுலோஸ் என்றால் பதினாறு, பதினேழு அங்குலம் வரும். ஊதும் பைபர்கிளாஸ் என்றால் இருபதுக்கு மேலே வேண்டும்.

வாடகைக்கு இருப்பவரின் குளிர்

இதுவரை சொன்னதெல்லாம் வீட்டுக்காரருக்கு. பில்லைக் கட்டுகிறவர் எப்போதும் அவர் இல்லை. மேலே ஒரு குடும்பம், பேஸ்மண்டில் புதிதாக வந்த மாணவர்கள் அல்லது இன்னொரு குடும்பம், பில்லில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. தேர்மோஸ்டாட் மேலே சுவரில். அற்றிக்கைத் திருத்தும் செலவு வீட்டுக்காரருக்கு, மிச்சத்தில் ஒரு பங்கு வாடகைக்காரருக்கு என்றால், வீட்டுக்காரர் ஏன் அவசரப்படப் போகிறார்?

குளிர்காலத்தில் வாடகை வீட்டில் வெப்பம் 21 பாகைக்குக் குறையக்கூடாது என்பது ரொறன்ரோ மாநகரசபையின் விதி. அந்த விதி ஃபேர்னஸை ஓடவைக்கும். ஒழுகும் வீட்டை அடைக்காது. வாடகைக்குக் கொடுக்கும் பகுதிக்கு அனுமதி வழங்கும்போது தீக்கதவையும் யன்னல் அளவையும் பார்ப்பதுபோல அற்றிக்கையும் பார்க்கும் வழக்கம் வந்தால் நல்லது. வாடகைக்காரரும் தமிழர், வீட்டுக்காரரும் தமிழர் என்ற இடத்தில் இதைப் பேசத் தயங்குவோம். பேசத்தான் வேண்டும்.

தொடங்குவதும் நிறுத்துவதும்

கனடாவுக்கு இந்த அறிவு புதிதில்லை. 1977இல் சஸ்காச்சவான் மாகாணத்தின் ரெஜைனா நகரில் ஆய்வாளர்கள் ஒரு வீட்டைக் கட்டினார்கள். கூரையில் ஆர்-60, சுவரில் ஆர்-40, காற்றுப் புகாத கட்டுமானம், வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்டெடுக்கும் கருவி. வழக்கமான ஃபேர்னஸ் இல்லாமலே அது ரெஜைனாவின் குளிரைத் தாங்கியது. பின்னர் ஜேர்மனியில் வளர்ந்த, மிகக் குறைந்த எரிபொருளில் ஓடும் வீடுகள் அதிலிருந்து பாடம் கற்றன. நாங்கள் வாங்கிய வீடுகளில் பலவற்றின் அற்றிக் இன்னும் அந்த வீட்டுக்கு முந்திய காலத்திலேயே நிற்கிறது.

காரணம் அறிவின் பஞ்சம் இல்லை, தொடர்ச்சியின் பஞ்சம். எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1970களின் பிற்பகுதியில் வந்த ஒரு மானியம் பின்னர் நின்றுபோனது. 2003இல் வந்தது 2006இல் நிறுத்தப்பட்டது. 2007இல் வேறு பெயரில் வந்து 2012இல் முடிந்தது. ஒன்ராறியோ 2017இல் தொடங்கியதை 2018இல் அரசு மாறியதும் கைவிட்டது. 2021இல் வந்த மத்திய அரசின் மானியம் மூன்று வருடத்துக்குள் காசு தீர்ந்து மூடியது. ஒவ்வொரு முறையும் திட்டம் வரும்போது நிறுவனங்கள் முளைக்கும், ஆட்கள் பயிற்றப்படுவார்கள், விலை ஏறும். மூடும்போது எல்லாம் கலையும். இடையில் அகப்படுகிறவர்கள், காசை முதலில் போட்டுவிட்டுக் காசோலைக்காகக் காத்திருந்த சாதாரணக் குடும்பங்கள்.

முதலில் நீ செலவழி, பிறகு தருகிறேன் என்ற முறையே கையில் காசு இருப்பவருக்கானது. ஆர்-8இல் குளிரும் ஓய்வூதியக்காரரிடம் நாலாயிரம் டொலர் இருந்தால் அவர் எப்போதோ செய்திருப்பார். வருமானம் குறைந்த வீடுகளுக்காக மத்திய அரசு 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த 800 மில்லியன் டொலர், இந்தத் தவறைத் திரும்பச் செய்யாமல், வேலையை நேரடியாகச் செய்து கொடுப்பதாக இருக்க வேண்டும். வீடு வீடாக விண்ணப்பம் பார்ப்பதைவிட, ஒரே காலத்தில் கட்டிய வீடுகள் உள்ள தெருத் தெருவாகப் போனால் வேலை சீக்கிரம் முடியும், செலவும் இறங்கும். ஸ்காபரோவில் அப்படியான தெருக்களுக்குக் குறைவில்லை. ஐந்து வருடத்தில் தீரும் தொகையாக இல்லாமல், வீதி திருத்துவதுபோல ஆண்டாண்டு வரும் வேலையாக அது நடக்க வேண்டும். வெப்பமேற்றும் பம்புக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் திட்டங்களும், சீலிங்கை அடைத்த பிறகே அதைக் கொடுக்கலாம். ஒழுகும் வீட்டுக்கு அளந்த பம்ப் தேவைக்கு மேல் பெரிதாகவே வரும்.

இப்போது கையில் இருப்பது

எல்லாம் மூடவில்லை. 2025 தையில் ஒன்ராறியோ ஒரு புதிய தள்ளுபடித் திட்டத்தைத் தொடங்கியது. மின்சார அமைப்பை நடத்தும் மாகாண நிறுவனமும் என்பிரிட்ஜ் எரிவாயு நிறுவனமும் சேர்ந்து நடத்துகின்றன. இன்சுலேசனும் ஓட்டை அடைப்பும் அதில் அடங்கும். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், வேலையைத் தொடங்கும் முன் அழைத்துக் கேளுங்கள். ஆலோசகர் முதலில் வந்து பார்க்க வேண்டிய வேலையை நீங்கள் முந்திச் செய்துவிட்டால் தள்ளுபடி கிடைக்காது. வருமானம் குறைந்தவர்களுக்கு, வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கூட, இலவசமாகச் செய்து கொடுக்கும் திட்டமும் இருக்கிறது. தகுதி இருந்தும் கேட்காமல் விடுகிறவர்கள் எங்களில் அதிகம். ரொறன்ரோ மாநகரசபையின் வீட்டு எரிசக்திக் கடன் 2014இலிருந்து ஓடுகிறது. அதைச் சொத்து வரியோடு சேர்த்துத் தவணையாகக் கட்டலாம், ஆனால் மோர்ட்கேஜ் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும்.

எங்கள் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் வருடம் முழுவதும் மண்டபம் எடுத்து விழா நடத்துகின்றன. அவற்றில் ஏதாவது ஒன்று, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எரிசக்தி ஆலோசகர் ஒருவரைக் கூப்பிட்டுத் தமிழில் பேசவைக்கலாம். தள்ளுபடி, கடன் விண்ணப்பங்களை நிரப்ப உதவ நான்கு இளைஞர்களை மேசை போட்டு இருத்தலாம். தெருவில் பத்து வீட்டார் சேர்ந்து ஒரே நிறுவனத்திடம் விலை கேட்டால் விலை இறங்கும். கலியாணச் சாப்பாட்டுக்குப் பேரம் பேசத் தெரிந்த எங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

கையில் காசே இல்லாதவர்கள் இந்த வார இறுதியில் செய்யக்கூடியதும் உண்டு. அற்றிக் மூடியின் விளிம்புக்கு ரப்பர் பட்டி ஒட்டி, அதன் மேற்பக்கத்தில் இரண்டு, மூன்று அங்குல ஃபோம் பலகையைப் பசைபோட்டு ஒட்டுங்கள். வோஷ்றூம் ஃபானின் குழாய் கூரைக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். புட்டவிக்கும்போது வெளியே காற்றுவிடும் ஃபானைப் போடுங்கள், அது இல்லாவிட்டால் யன்னலைக் கொஞ்ச நேரம் நீக்கிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு டொலருக்கு ஈரப்பதமானி ஒன்று வாங்கிக் குசினியில் வையுங்கள். குளிர்காலத்தில் அது 30க்கும் 40க்கும் இடையில் நிற்க வேண்டும், கடுங்குளிரில் அதற்கும் கீழே. யன்னல் கண்ணாடியில் காலையில் நீர் வழிகிறதென்றால் அற்றிக்கிலும் அதுவே நடக்கக்கூடும். பெரிய வேலைக்கு ஆட்களை ஒழுங்கு செய்யச் சித்திரை, வைகாசிதான் நல்ல காலம். மார்கழியில் கூப்பிட்டால் எல்லோரும் பிசியாக இருப்பார்கள், விலையும் அதற்கேற்ப இருக்கும்.